பாதத்தில் சிவப்புப் புள்ளிகள்

அக்காவுக்குச் சர்க்கரை இறங்குகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது சின்னவனின் மனைவிதான். பிற்பாடு அதுவே அவளுக்கு எதிரான முதல் சாட்சியாகிப் போனது.

வயது நாற்பத்தைந்தைத் தாண்டி, லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளனாக உயர்ந்த பிறகும் அக்காவுக்கு அவன் சின்னவன்தான். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட, அவனைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அவள். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டால், "விவாகரத்து வழக்கா டைப் அடிச்சு அடிச்சு ஆசையே விட்டுப் போச்சு" என்பாள். மூவரும் இருந்த மூன்றாம் மாடி வீடு அக்காவின் பெயரில் இருந்தது. அதை அவள் யாருக்கும் நினைவூட்டியதில்லை. யாரும் மறந்ததுமில்லை.

சின்னவனின் மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சர்க்கரை வந்துவிட்டது. அன்றிலிருந்து இன்சுலின்தான். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று அக்கா, "தெரிஞ்சே போய் நோயை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணுமா?" என்று கேட்டாள். தம்பி பிடிவாதமாக நின்றதால் ஒத்துக்கொண்டாள். ஆனால் மருமகளாக வந்தவளுக்கு 'ஊசிக்காரி' என்று பெயர் வைத்துவிட்டாள். மறைவில் அல்ல, நேருக்கு நேராகவே. "ஊசிக்காரி வந்தாச்சா? கதவைத் தாழ்ப்பாள் போடு" என்பாள். மனைவி சிரிப்பதுமில்லை, முகம் சுளிப்பதுமில்லை. செயற்கைப் பல் செட் செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. "ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறா, சொந்த வாயை மட்டும் திறக்க மாட்டேங்கிறா" என்று அக்கா அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தாள்.

ஐம்பதைத் தாண்டியதும் அக்காவுக்கே சர்க்கரை வந்தது. ஊசியெல்லாம் வேண்டியிருக்கவில்லை, மாத்திரை போதுமாக இருந்தது. அந்த மாத்திரை சர்க்கரையை ஏறவிடாமல் பிடிக்குமே தவிர அளவுக்குக் கீழே இழுத்துவிடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவை வாட்டியது கால்தான். சாயங்காலமானால் உள்ளங்கால் தணலில் வைத்தது போல எரியும். விரல்களின் அடிப்பக்கமோ மரத்துப் போய், செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாது. எரிவதும் மரத்துப் போவதும் ஒரே காலில் எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை. நரம்பு கெடும்போது இரண்டும் சேர்ந்துதான் வரும் என்றார்கள்.

பல்கலைக்கழக மருத்துவமனையில் இப்படிப்பட்டவர்களுக்காக ஒரு ஆராய்ச்சி நடக்கிறது என்ற செய்தியைக் கொண்டுவந்ததும் மனைவிதான். தன் இன்சுலினை வாங்கப் போன இடத்தில் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறாள். நரம்பு எரிச்சலுக்கு ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் ஒன்றுமில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, விழுங்குகிறவருக்கும் தெரியாது. "ஏன், எலி தட்டுப்பாடா?" என்று கேட்ட அக்கா, எரிச்சல் பொறுக்காமல் கடைசியில் சேர்ந்துவிட்டாள். மாதம் ஒரு முறை போனால் பாதத்தை நைலான் இழையால் தொட்டும், ஊசி முனையால் மெல்லக் குத்தியும், அதிரும் இரும்புக் கவையை எலும்பில் வைத்தும், "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்பார்கள். வெடிப்பு வராமல் இருக்கத் தினமும் பாதத்தில் களிம்பு தடவச் சொல்லியிருந்தார்கள். இடுப்பு வலியால் அக்காவுக்குக் குனிய வராது. மனைவி வேலையிலிருந்து வந்ததும் அக்காவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தடவுவாள். அக்கா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வாள். நன்றி என்றொரு சொல் அந்தப் பேப்பருக்குப் பின்னாலிருந்து வந்ததில்லை.

இரண்டு மாதத்தில் எரிச்சல் குறைந்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் காலைப்பொழுது வந்தது.

அக்கா தேநீரைக் கோப்பையில் ஊற்றாமல் பக்கத்திலிருந்த தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. என்ன அக்கா இது என்று கேட்ட தம்பியைக் கண்டபடி திட்டினாள். அவள் திட்டுவது புதிதில்லை என்பதால் அவன் அதை ஒன்றும் நினைக்கவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி மட்டும் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தாள். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, தாடையைப் பிடித்து, வாயில் புகட்டினாள். தன் கருவியை எடுத்து அக்காவின் விரலில் குத்திப் பார்த்தாள். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா தெளிந்து, "யாரு தட்டுல டீயைக் கொட்டினது?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் மத்தியானம் மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை வந்தது ஆராய்ச்சிக்கூடத்திலேயே. காத்திருக்கும் அறையில் நாற்காலியிலிருந்து சரிந்தவளை ஆராய்ச்சி டாக்டர் தாங்கிப் பிடித்து, சர்க்கரைத் தண்ணீர் ஏற்றுவதற்கு முன்னால் ஊசி குத்தி இரத்தம் எடுத்துக்கொண்டார். அவர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். மெதுவாகப் பேசுவார், வேகமாக நடப்பார். முடிவு வந்ததும் சின்னவனைத் தனியாக வரச் சொன்னார்.

அறை சிறியது. மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பாதம், நரம்புகள் மஞ்சள் நிறத்தில். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அக்காவின் இரத்தத்தில் இன்சுலின் மலை போல இருக்கிறது என்றார். உடம்பு தானாக இன்சுலினைச் சுரக்கும்போது அதோடு இன்னொரு துண்டும் சமமாக வெளியே வரும், ஊசியில் போடுகிற இன்சுலினில் அந்தத் துண்டு இருக்காது, அக்காவின் இரத்தத்தில் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று விளக்கினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வீட்ல வேற யாராவது இன்சுலின் போட்டுக்கிறாங்களா?"

மூடி வைத்த பேனாவைப் பார்த்தபடி சின்னவன், "என் மனைவி" என்றான்.

டாக்டர் எதையும் எழுதவில்லை. எழுதாமல் இருந்ததுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, சில பேர் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்வதும் உண்டு, ஆனால் இன்னொரு முறை இப்படி நடந்தால் போலீஸுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். ஆராய்ச்சி மாத்திரையால் இருக்குமா என்று அவன் கேட்டான். ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியரிடம் கேட்டாகிவிட்டது, அது நரம்புக்கான மாத்திரை, சர்க்கரையைத் தொடாது, நிறுத்த வேண்டாம் என்று பதில் வந்தது.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் தன்னோடு வழக்காடிக்கொண்டே வந்தான். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. சரி, எப்படிப்பட்டவள்? இத்தனை வருஷமாக ஊசிக்காரி, ஊசிக்காரி என்று கேட்டுக்கொண்டே இருந்தவளின் மனதில் என்ன இருக்கும் என்று தனக்குத் தெரியுமா? வாயைத் திறந்து ஒரு நாளாவது சண்டை போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். அன்று காலை பார்த்த மாத்திரத்தில் இவளுக்கு மட்டும் எப்படிப் புரிந்தது? கூடவே இருந்த எனக்குப் புரியவில்லையே?

அன்று சாயங்காலம் களிம்பு தடவும்போது அவன் வாசற்படியருகே நின்று பார்த்தான். அக்காவின் முகத்துக்கு முன்னால் பேப்பர். மனைவியின் விரல்கள் உள்ளங்காலில் வட்டமிட்டன. அக்காவுக்குச் செருப்பு கழன்றாலே தெரியாது. இன்சுலின் பேனாவின் ஊசியோ முடியளவு மெல்லியது. மரத்துப் போன காலில் அதைக் குத்தினால்...

அந்த நினைப்பு வந்ததும் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் வந்த நினைப்பு போகவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் களிம்பு மூடியைத் திருகி மூடினாலும் அதில் ஒரு அவசரம் தெரிந்தது. கை கழுவப் போனாலும் எதையோ கழுவுகிறாள் என்று தோன்றியது. ஃபிரிட்ஜின் கதவில், முட்டை வைக்கும் குழிகளுக்கு மேலே, அவளுடைய இன்சுலின் பேனாக்கள் படுத்திருக்கும். தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் அவற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தான். அவளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தேவைப்படும் என்பதே தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

இடையில் ஒரு முறை அக்காவுக்கு லேசாக நடுக்கம் வந்து, பிஸ்கட் சாப்பிட்டுச் சரியானது. அதை அவன் ஆராய்ச்சி டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் போலீஸ் வரும்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அக்கா சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் தூங்கிப் போனாள். போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்களும் நீட்டிக்கொண்டிருந்தன. சின்னவன் வேலைக்கு வைத்திருக்கும் டார்ச்சை எடுத்துவந்தான். லிஃப்ட் குழிக்குள் வயர்களைத் தேடுகிற அதே டார்ச். மண்டியிட்டு, அக்காவின் இடது பாதத்தருகே அடித்துப் பார்த்தான். பெருவிரலுக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி. குதிகால் பக்கம் இன்னொன்று. வலது காலிலும் இருந்தன. ஊசி முனையளவுதான். டார்ச்சை இன்னும் நெருக்கிப் பிடித்தான்.

நிமிர்ந்தபோது மனைவி கதவருகே நின்றிருந்தாள். துவைத்த துணிகள் கையில்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. வெடிப்பு ஏதாவது இருக்கான்னு பாத்தேன்."

அவள் டார்ச்சைப் பார்த்தாள், பிறகு அக்காவின் காலை, பிறகு அவனை. துணிகளை நாற்காலியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. அவன் பின்னாலேயே போனான். அவள் பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, குளிர் தாங்கும் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நாளா இதெல்லாம் நான் வச்ச மாதிரி இல்ல. யாரு எடுத்துப் பாக்குறாங்கன்னு யோசிச்சேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "அந்த டாக்டரம்மா உங்களைத் தனியா கூப்பிட்டாங்களே, அன்னிலேருந்துதான்."

அவன் மறுத்திருக்கலாம். மறுக்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான். வந்ததோ வேறு. "அக்கா ரத்தத்துல வெளியேருந்து போட்ட இன்சுலின் இருக்காம்" என்றான்.

மனைவி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அவள் அதை இழுத்த வேகத்தை அவன் கவனித்தான். பயத்தாலா, கோபத்தாலா என்று அந்த நேரத்திலும் எடை போட்டான். பட்டறைக்கு மேலே ஒரு அறை காலியாக இருக்கிறது, முதலாளியம்மாவிடம் கேட்டு அங்கே தங்கிக்கொள்கிறேன் என்றாள். வீட்டில் ஒரு பேனாகூட இல்லை, வேண்டுமானால் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அவன் தடுக்கவில்லை. அவள் படியிறங்கிய பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், நிஜமாகவே அலமாரிகளைத் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

அக்கா எழுந்ததும் ஊசிக்காரி எங்கே என்று கேட்டாள். பட்டறையில் அவசர வேலை, சில நாள் அங்கேயே தங்குகிறாள் என்று அவன் சொன்னான். அக்கா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொய் சொல்கிறவர்கள் எங்கே மூச்சு வாங்குவார்கள் என்று நீதிமன்றத்தில் கேட்டுப் பழகியவள். ஆனால் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் அக்காவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. நடுக்கமில்லை, வியர்வையில்லை. சின்னவனே காலை உணவு செய்தான், களிம்பு தடவினான், ஆராய்ச்சி மாத்திரையைத் தண்ணீரோடு கையில் கொடுத்தான். ஒவ்வொரு நாளும் நல்லபடியாகக் கழியக் கழிய அவனுக்கு நெஞ்சில் கல் ஏறிக்கொண்டே போனது. அக்கா நன்றாக இருக்க வேண்டும் என்றும் வேண்டினான், ஒரு தடவை சர்க்கரை இறங்கித் தொலைக்காதா என்றும் வேண்டினான். வாரம் ஒன்று முழுதாகப் போன பிறகு முடிவு கட்டிவிட்டான். அவள்தான். உப்புத் தின்றவள் தண்ணீர் குடிக்கட்டும். ஆராய்ச்சி டாக்டரிடம் என்ன சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று வேலை நேரத்தில் மனதுக்குள் ஒத்திகை பார்த்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. யாரும் வரவுமில்லை. முட்டையும் ரொட்டியும் அவனே செய்து, இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதற்கு, "சின்னவனே, அம்மா எங்கடா போனாங்க?" என்று கேட்டாள். அம்மா போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அவள் கழுத்து நனைந்திருந்தது. அவன் ஓடிப் போய்ப் பழச்சாறு கொண்டுவந்து, பாதியை அவள் சட்டையில் சிந்தி, மீதியைப் புகட்டினான்.

அக்கா தெளிந்து தூங்கிய பிறகு அவன் செய்ததை நினைத்துப் பிற்காலத்தில் அவன் மிகவும் கூசியிருக்கிறான். கண்ணெதிரே நடந்ததைப் பார்த்துவிட்டுக்கூட, கீழே இறங்கிப் போய்க் காவலாளியிடம், நான் வேலைக்குப் போயிருக்கும்போது என் வீட்டுக்காரி வந்தாளா என்று விசாரித்தான். வரவே இல்லை என்றான் காவலாளி. நேற்று? நேற்றும் இல்லை. நல்லா யோசிச்சுச் சொல்லு என்றான் இவன். காவலாளி பீடியை அணைத்துவிட்டு, "சார், வந்தா வந்தாங்கன்னு சொல்ல எனக்கென்ன காசா பணமா?" என்றான். அந்த இடத்தில்தான் சின்னவனுக்குத் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்பது தெரிந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை ஆராய்ச்சி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னான். டார்ச்சைக்கூட விடவில்லை. சிவப்புப் புள்ளிகளைப் பற்றிக் கேட்டதும் டாக்டர் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அது தாங்கள் குத்திப் பார்த்த அடையாளம் என்றார். அவன் டார்ச் அடித்துப் பார்த்ததற்கு முந்தைய நாள்தான் அக்கா பரிசோதனைக்கு வந்திருந்தாள். அவன்தான் கூட்டி வந்திருந்தான்.

டாக்டர் பழைய முடிவை எடுத்து மேசையில் வைத்து, வெகுநேரம் ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தானே அக்காவுக்குப் போன் செய்து வரவழைத்து, புதிதாக இரத்தம் எடுத்தார். ஆராய்ச்சி மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். பேராசிரியரைக் கேட்க வேண்டாமா என்று நர்ஸ் கேட்டதற்கு, கேட்டுக்கொள்ளலாம், முதலில் நிறுத்துங்கள் என்றார்.

சோதனை முடிவு வந்த அன்று அக்காவையும் தம்பியையும் உட்கார வைத்துப் பேசினார்கள். இந்த முறை பேராசிரியரும் இருந்தார். நரைத்த தாடி, ஓயாமல் கண்ணாடியைத் துடைக்கும் பழக்கம். ஆனால் பேசியது ஆராய்ச்சி டாக்டர்தான்.

"யாரும் ஊசி போடல. உங்க உடம்பே இன்சுலினை வேண்டாத ஆளுன்னு நினைச்சு, அதைப் பிடிச்சு வைக்கிற பொருளை உண்டாக்கியிருக்கு. நீங்க சாப்பிட்டதும் சுரக்கிற இன்சுலினை அது கட்டி வச்சுக்கும். அப்புறம் அதுக்கு இஷ்டப்பட்ட நேரத்துல மொத்தமா அவுத்து விட்டுடும். அப்பதான் சர்க்கரை இறங்குது."

எதனால் என்று அக்கா கேட்டாள்.

"நாங்க குடுத்த மாத்திரையால. உங்களுக்குக் கிடைச்சது நிஜ மாத்திரை. ரொம்ப அபூர்வமா சிலருக்கு இப்படி ஆகும்."

பிறகு அவர் சின்னவனின் பக்கம் திரும்பினார். வெளியிலிருந்து ஊசி போட்டிருந்தால் அந்த இன்னொரு துண்டு கிட்டத்தட்ட இல்லாமலே போயிருக்க வேண்டும், ஆனால் அக்காவின் இரத்தத்தில் அது இருந்தது, தான் அதை அன்றைக்கே பார்த்தும் வேறு சமாதானம் சொல்லிக்கொண்டதாக ஒத்துக்கொண்டார். வீட்டில் இன்சுலின் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதும் நான் தேடுவதை நிறுத்திவிட்டேன் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. இதே ஆராய்ச்சியில் தலைசுற்றல் என்று சொல்லிப் பாதியில் விலகிய ஒரு பெரியவரை இப்போதுதான் தேடிப் பிடித்திருக்கிறார்களாம், மற்ற எல்லோருக்கும் மாத்திரையை நிறுத்திப் பரிசோதிக்கிறார்களாம்.

அக்காவுக்கு இதில் பாதிதான் புரிந்தது. யார் ஊசி போடவில்லை? யார் போட்டதாக நினைத்தார்கள்? அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் மேசையிலிருந்த பிளாஸ்டிக் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு போதும் அவளுக்கு. பேராசிரியரிடம் திரும்பினாள்.

"உங்க மாத்திரையைத் தவிர மத்த எல்லாத்தையும் சந்தேகப்பட்டிருக்கீங்க. அப்படித்தானே?"

பேராசிரியர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். "ஆமாம்மா" என்றார். "அது வீட்டு விவகாரம், ஆராய்ச்சிக்குள்ள இழுக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

வெளியே வந்து நடைபாதை முடியும் வரை அக்கா தம்பிக்கு முன்னாலேயே நடந்தாள். சின்னவன் ஆட்டோ பிடிக்கப் போனபோது, வீட்டுக்கு இல்லை, பட்டறைக்கு என்றாள். உள்ளே உட்கார்ந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கட்டிக்கிட்டவகிட்ட நேரா ஒரு வார்த்தை கேக்கறதுக்கு உனக்கு வாய் இல்லையாடா?"

அவன் முன்பக்கம் குனிந்து ஆட்டோக்காரருக்கு வழி சொன்னான்.

பட்டறை ஒரு சந்தின் கோடியில் இருந்தது. சுவர் முழுக்கச் சாந்தில் வார்த்த தாடைகள், மேலும் கீழுமாக, ஒவ்வொன்றிலும் ஒரு எண். மெழுகு உருகும் வாசனை. மனைவி விளக்கடியில் குனிந்து ஒரு பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருவரையும் பார்த்ததும் முகக்கவசத்தை இறக்கினாள். எழுந்து நாற்காலியை அக்காவின் பக்கம் நகர்த்திவிட்டு, சின்னவனைப் பார்க்காமல் நின்றாள்.

அக்கா மூச்சு வாங்க உட்கார்ந்தாள். நடந்ததையெல்லாம் நீதிமன்றத்தில் வாக்குமூலம் படிப்பது போல வரிசையாகச் சொன்னாள். மாத்திரை, இரத்தம், பேராசிரியர் சொன்னது, ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"நான் உன்னை ஆயிரம் பேசியிருக்கேன். பிடிக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கேன். ஆனா சந்தேகப்பட்டதில்ல. சந்தேகப்பட்டவ கையில தினம் காலைக் குடுத்துட்டு பேப்பர் படிப்பாளா?"

மனைவி விளக்கை அணைத்தாள். கையிலிருந்த பல்லைச் சின்னத் தட்டில் வைத்தாள். அந்த அறிவிப்பைப் பார்த்து வீட்டில் வந்து சொன்னதே நான்தானே அண்ணி, அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை என்றாள். அக்கா, எரியுதுன்னு கத்தினது நான், நீ என்ன செய்வே என்று அதைத் தள்ளிவிட்டாள்.

சின்னவன் மன்னிப்புக் கேட்டான். என்னென்னவோ ஒத்திகை பார்த்து வந்திருந்தான், வாயில் வந்தது தப்புப் பண்ணிட்டேன் என்ற இரண்டு சொல்தான். மனைவி முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். எவ்வளவு கேவலமான கேள்வியா இருந்தாலும் சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல. டார்ச் அடிச்சுப் பாத்தீங்க."

வீட்டுக்கு வா என்று அக்காதான் கூப்பிட்டாள். மாத்திரையை நிறுத்தினாலும் இந்தக் கோளாறு உடனே போகாது, சில மாதம்கூட ஆகலாம், அதுவரை அவ்வப்போது சர்க்கரை இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததையும் சொன்னாள். மனைவி யோசித்துவிட்டு வரமாட்டேன் என்றாள்.

"நான் வந்தப்புறம் இறங்கினா மறுபடியும் ஒரு நினைப்பு வரும். நான் வந்தப்புறம் நின்னாலும், இவதான் நிறுத்திட்டான்னு ஒரு நினைப்பு வரும். நான் இல்லாதப்பவே இறங்கட்டும் அண்ணி. நான் இல்லாதப்பவே நிக்கட்டும். அப்புறம் வரேன்."

சின்னவன் இனி அப்படி நினைக்கவே மாட்டேன் என்றான். அவள் முகக்கவசத்தை மறுபடி ஏற்றிக்கொண்டாள். அக்கா, "அவ சொல்றதுதான் சரி" என்று எழுந்துகொண்டாள்.

அப்படியே நடந்தது. அக்காவுக்கு அதன் பிறகும் பல முறை இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடச் சொன்னார்கள், பையில் எப்போதும் பழச்சாறு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இறங்கும்போது எப்படி இருக்கும், எதை எவ்வளவு குடிக்க வேண்டும் என்று மனைவி போனிலேயே அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். வேலைக்குப் போகாதவளுக்கும் வேலையிலிருக்கிறவளுக்கும் இடையில் அப்படி என்னதான் பேச்சோ, அந்தப் போன் அரைமணி நேரத்துக்குக் குறைந்து முடிவதில்லை. சின்னவன் வாரம் ஒரு நாள் பட்டறைக்குப் போவான். கொண்டுபோனதைக் கொடுப்பான், அவள் வாங்கிக்கொள்வாள், அவன் கொஞ்ச நேரம் சாந்துத் தாடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவான். ஆராய்ச்சியை முழுதாக நிறுத்திவிட்டதாகவும், நடந்ததை மற்ற ஊர் டாக்டர்களும் அறியும்படி எழுதி அனுப்பியிருப்பதாகவும் ஆராய்ச்சி டாக்டர் ஒரு நாள் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். போகும்போது பட்டறையின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாத்திரையை விட்டதில் காலெரிச்சல் மெல்லத் திரும்பி வந்தது. அக்கா அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. கடைசியாக எடுத்த இரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்ன வாரம், ஒரு பிற்பகல், மனைவி பெட்டியோடு வந்து சேர்ந்தாள். அக்கா கதவைத் திறந்து, பெட்டியைப் பார்த்து, "இவ்வளவு துணி எங்கடி வச்சிருந்தே?" என்றாள். பெயர் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அதன் பிறகும் அவளைக் கூப்பிட ஒரு பெயர் அகப்படாமல் வெகுநாள் திண்டாடினாள்.

அன்று மூவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அக்கா முதலில் எழுந்து போய்விட்டாள், வேண்டுமென்றேதான் போனாள். சின்னவன் தட்டில் ரொட்டியைப் பிய்த்தபடி, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கேட்டான்.

"நீ திரும்பி வந்தது எனக்காகவா, அக்காவுக்காகவா?"

"அண்ணிக்காக" என்றாள் அவள். தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தாள். "உங்களைப் பத்தி இன்னும் யோசிச்சு முடிக்கல."

அவன் தலையாட்டினான். அவள் கிண்ணத்தில் மீதமிருந்த காய்கறியை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை அவன் தட்டில் போட்டாள்.